தமிழ்ப் பக்கம் உங்கட பொறுப்பு

ஹியூபேட்டுக்குத் தமிழ் வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, தமிழில் சண்டை பிடித்து, தமிழில் காதலித்துக் கலியாணம் கட்டிய மனுசன். ஆனால் கடைப் பலகையில் இருக்கிற தமிழை வாசியுங்கள் என்றால் திருதிருவென்று முழிப்பார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர். வேறு ஆட்கள் இதை வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள். இவர் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்தார்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் யோசெப்பினின் வேலையறை. ஹியூபேட் அங்கே வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்த கையோடு பதக்கத்தைக் காட்டிவிட்டார்.

“படங்களுக்கு இங்கிலீஷ் கப்ஷன் எல்லாம் நான் சொல்லுவன், மகள். சிங்களத்துக்கு என்ட மருமகன் இருக்கிறார். தமிழ்ப் பக்கம் உங்கட பொறுப்பு. எனக்கு அந்த எழுத்தெல்லாம் ஜிலேபி மாதிரித்தான் தெரியுது.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். யோசெப்பினும் சிரித்தாள்.

“ஓம் அங்கிள். நான் பாக்கிறன்.”

அவர் படியேறி வரும்போதே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. யாருடனோ போனில் கதைத்துக்கொண்டு வந்தார். அறுபத்தாறு வயதிலும் அந்தக் குரலில் ஒரு கீறல் இல்லை. அதே குரலில் அவர் ஒருமுறை சொன்ன வசனம் இருபத்தொரு வருசமாக அவள் காதுக்குள் குடியிருந்தது. அவருக்கோ அவளை மட்டுக்கட்ட முடியவில்லை. எப்படி முடியும்? அன்றைக்கு அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவுமில்லை, பெயரைக் கேட்கவுமில்லை.

யோசெப்பின் புத்தகம் செய்கிறவள். கோயில் மலர், பாடசாலை மலர், செத்தவர் நினைவாகப் போடுகிற அந்தியேட்டி மலர் என்று தொடங்கி, இப்போது படப் புத்தகம் என்றால் காசுள்ள கொள்ளுப்பிட்டிக்காரர்களும் அவளைத்தான் தேடி வந்தார்கள். எந்தப் படம் எந்தப் படத்துக்கு எதிரே இருக்கவேண்டும், எதைப் பக்கம் முழுக்க விரிக்கவேண்டும், எங்கே வெட்டவேண்டும் என்பதில் அவளுக்குக் கைவந்த ஒரு கணக்கு இருந்தது. ஹியூபேட் கொண்டுவந்தது ஒரு பாட்டுக்குழுவின் கதை. ‘டொக்யார்ட் ஃபைவ்’ என்று பெயர். கொட்டாஞ்சேனைத் திருவிழா மேடையிலிருந்து வெள்ளவத்தைக் கலியாண மண்டபம் வரை ஒரு காலத்தில் இவர்கள் இல்லாமல் கொண்டாட்டம் இல்லை. கிளெமென்ற் என்று ஒரு படப்பிடிப்பாளர் கமராவும் கையுமாக அவர்களோடு கூடவே அலைந்து, பாடும்போதும் ஆடும்போதும் எடுத்த படங்கள் பிஸ்கட் தகரங்களில் நெகட்டிவாகக் கிடந்தன. கிளெமென்ற் செத்துப்போக, அவருடைய மனைவி தகரங்களை ஹியூபேட்டிடம் கொடுத்திருந்தாள்.

தகரங்களை மேசையில் வைத்துவிட்டு அவர் போனபின், யோசெப்பின் கதவைப் பூட்டினாள். பூட்டிவிட்டு அதில் சாய்ந்து நின்றாள்.

அவளுடைய அண்ணன் செபஸ்தியன் அந்தக் குழுவின் ட்ரம்ஸ்காரன்.

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் போய்ப் பெறவேண்டும் என்பது அம்மாவின் ஊர் வழக்கம். அம்மா யாழ்ப்பாணத்து இளவாலைக்காரி. அங்கே போய்ப் பெற்று, பச்சைக் குழந்தையாகக் கொட்டாஞ்சேனைக்குத் தூக்கி வந்தாள். அதற்குப் பிறகு செபஸ்தியன் யாழ்ப்பாணத்தைப் படத்தில்தான் பார்த்தான். ஆனால் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று ஏறிவிட்டது. இரண்டாவதாக வந்த யோசெப்பின் கொழும்பு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். தொண்ணூற்றாறில், நகரத்தில் குண்டு வெடித்துத் தெருவுக்குத் தெரு மறித்துக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்றாலே பொலிஸ் சந்தேகத்தில் பிடித்தது; அட்டையில் இருந்த அந்த ஒரு வரி ஒரே வீட்டுப் பிள்ளைகளை வேறு வேறு ஆக்கியது. வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டில் வாசித்துவிட்டு வந்தவனை, வான் இறக்கிவிட்ட இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலையில் அம்மாவும் அவளும் பொலிஸ் ஸ்டேசனுக்கு ஓடினார்கள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரித்தான் கதைத்தான். ஹியூபேட்டை அவனுக்குத் தெரியும். பொலிஸ்காரரின் டான்ஸுக்கெல்லாம் பாடியிருக்கிறார். “மிஸ்டர் ஹியூபேட் வரட்டும், இல்லாட்டி ஒரு போன் எடுக்கட்டும். இவன் எங்கட ஆள் எண்டு ஒரு சொல் சொன்னாக் காணும், விட்டிடுவன்” என்று சிங்களத்தில் சொன்னான். கடவுளே என்று அம்மா அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். அங்கிருந்து நேரே ஹியூபேட்டின் வீட்டுக்கு.

அவர் கதவைச் சங்கிலி கழற்றாமல் ஒரு சாண் திறந்தார். அம்மா சொல்லி முடிக்கவில்லை.

“செபஸ்தியனோ? அவன் எங்கட ஆள் இல்லை. ரெண்டு மூண்டு ஷோவுக்கு வந்தவன், அவ்வளவுதான். என்னை இதுக்குள்ள இழுக்காதேங்கோ.”

கதவைச் சாத்திவிட்டார். பின்னேரம் ஸ்டேசனுக்குப் போனபோது ஆள் அங்கே இல்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த இடம் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, என்றைக்கும் சொல்லவில்லை. அந்த மாதமே அம்மா அவளோடு கொட்டாஞ்சேனையை விட்டுப் போனாள், அதற்குப் பிறகு ஏறாத அலுவலகம் இல்லை. கையில் ஒரு பாடசாலைக் காலத்துப் படம். மீசை முளைக்காத பொடியன் ஒருவன். “இவனுக்கு இப்ப மீசை இருக்கு சேர்” என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்லிச் சொல்லியே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது மேசையில் ஐந்து பிஸ்கட் தகரம்.

ஸ்கான் செய்யத் தொடங்கியபோது எல்லாவற்றிலும் ஹியூபேட்தான் இருந்தார். வாயைப் பிளந்த ஹியூபேட், இடுப்பை வளைத்த ஹியூபேட், மைக்கை விழுங்கப் போகும் ஹியூபேட். மேடைப் படம் என்றால் அப்படித்தான். வெளிச்சம் முழுவதும் பாட்டுக்காரன்மேல் விழும். ட்ரம்ஸ்காரன் பின்னால் இருட்டுக்குள், ஒரு வெள்ளைச் சட்டைக் கொலரும் இரண்டு குச்சியுமாக இருப்பான். யோசெப்பின் கொம்பியூட்டரில் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு போனாள். கறுப்பு சாம்பலாகியது. சாம்பலுக்குள் ஒரு நெற்றி வந்தது, பிறகு மூக்கு, பிறகு மீசை.

அவள் சத்தம் போட்டு அழுதாள். கீழ்வீட்டுக்காரி என்ன ஏதென்று வந்து கதவைத் தட்டுகிற அளவுக்கு அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, இந்த மனுசனை விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

முதலில் அவளுக்குத் தோன்றியதெல்லாம் சின்னத்தனமான யோசனை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிகிற படத்தில் நடு மடிப்புக்குள் ஆரின் முகம் விழுகிறதோ, அந்த முகத்தைப் புத்தகம் விழுங்கிவிடும். கொம்பியூட்டர்த் திரையில் மடிப்பு இல்லாததால் பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. அச்சாகி ஒட்டி வந்தபிறகுதான் மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கமாகத் தெரியும். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து ஹியூபேட்டை மடிப்பு மடிப்பாகப் புதைத்தாள். நல்ல சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு எல்லாவற்றையும் அழித்தாள். முகம் மடிப்புக்குள் போனால் ஆட்கள் அச்சகத்தைத்தான் குறை சொல்லுவார்கள். இந்த மனுசன் செய்தது ஒருவருக்கும் தெரியவராது. அவளுக்கு வேண்டியது அவருடைய மூக்கு இல்லை, அவர் செய்ததை ஊர் அறியவேண்டும், ஊருக்கு நடுவில் வைத்து அவரும் அதைக் கேட்கவேண்டும்.

அடுத்த முறை ஹியூபேட் வந்தபோது இங்கிலீஷ் படக்குறிப்புகளைச் சொல்லிக்கொண்டே போனார். அவள் எழுதினாள். எல்லாப் படத்துக்கும் முதல் பெயர் ஹியூபேட். பிறகு றேமண்ட், பேஸ் கிட்டார். பிறகு கீபோர்ட்காரர். பிறகு லீட் கிட்டார்.

“நாலு பேர்தானே அங்கிள் சொல்லியிருக்கிறீங்கள். ஃபைவ் எண்டெல்லோ பேர்?”

“ஆ, அஞ்சாவது ஆள் மாறி மாறி வந்த ஆக்கள், மகள். ட்ரம்ஸ் யாரும் அடிக்கலாம்தானே. ‘அன்ட் ஃப்ரெண்ட்ஸ்’ எண்டு போட்டு விடுங்க.”

அவள் ‘அன்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்று எழுதினாள். பேனா கடதாசியைக் கிழித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த படத்தில் தன்னுடைய தலைமயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தகரத்தில் இருந்த சுருளைத் திரையில் போட்டதும் அவருடைய முகம் சுருங்கியது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, வெள்ளவத்தைக் கலியாண வீடு.

“இந்த றோல் வேணாம், மகள். இது சும்மா. லைட்டும் சரியில்லை.”

யோசெப்பின் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். அன்றைக்குக் கிளெமென்றுக்கு என்ன தோன்றியதோ, மேடைக்குப் பின்னால் ஏறி ட்ரம்ஸ்காரனின் தோளுக்கு மேலாக எடுத்திருந்தார். இடப் பக்கம் முழுக்கச் செபஸ்தியனின் பக்கவாட்டு முகம், வியர்வை, தூக்கிய கை. வலப் பக்கம் தூரத்தில் ஹியூபேட். முன் விளக்குகள் எல்லாம் அவரைச் சுற்றி எரிய, அவருக்கு அப்பால் நூற்றுக்கணக்கான முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“பாருங்கோ அங்கிள், சனம் உங்களை எப்பிடிப் பாக்குது எண்டு. இவ்வளவு தகரத்துக்குள்ளயும் உங்களை இப்பிடிக் காட்டுற படம் வேற இல்லை. நீங்கள் வேணாம் எண்டாச் சரி, தூக்கி விடுறன்.”

ஹியூபேட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். தன்னைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அந்தப் படத்தில் அரைவாசி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவன் அவர் கண்ணில் படவே இல்லை.

“டபிள் பேஜ் போடுங்க” என்றார். “முழுசா.”

படங்கள் ஒழுங்காகி, மாதிரிப் புத்தகம் ஒன்றைக் கையால் கட்டி எடுத்துக்கொண்டு அவள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். அதே வீடு. கதவு புதிது. புளோறன்ஸ் திறந்தாள், ஹியூபேட்டின் மனைவி. மெலிந்த, சத்தம் குறைந்த மனுசி. கோயிலில் முதல் நன்மை எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு வருசக் கணக்காக ஞானோபதேசம் படிப்பிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதலாம் வாசகம் வாசிப்பதும் அவள்தான். வந்தவள் வெயிலில் வந்திருக்கிறாள் என்று இஞ்சிப் பியர் ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து விசிறியும் விட்டாள்.

“காட்டுங்களேன் பாப்பம்” என்று மாதிரிப் புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.

ஹியூபேட் குறுக்கே பாய்ந்தார். “நோ, நோ. ஃப்ளோவுக்கு இப்ப காட்டக் கூடாது. உள்ளுக்கு அவவுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. வெளியீட்டிலை அவதான் மேடையிலை நிண்டு தமிழ்க் கப்ஷன் கொஞ்சம் வாசிக்கிறா. வெள்ளவத்தைச் சனம் தமிழிலை ஏதாவது இல்லாட்டிக் குறை சொல்லும்தானே.”

யோசெப்பினின் கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றது. இதை அவள் நினைத்திருக்கவில்லை. ஆட்கள் புத்தகத்தை வாங்கி, வீட்டில் வைத்து வாசித்து, ஒருவருக்கொருவர் சொல்லி, அப்படித்தான் ஊருக்குள் பரவும் என்று கணக்குப் போட்டிருந்தாள். இந்த மனுசன் தானே மேடை போட்டு, மைக் வைத்து, மனைவியின் வாயாலேயே வாசிக்க வைக்கப் போகிறேன் என்கிறார்.

புளோறன்ஸ் பாவம் என்று ஒரு எண்ணம் வந்தது. வேறு ஆரையாவது வாசிக்கச் சொல்லலாம், நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது. அப்போது ஹியூபேட் விசிறிக் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு தன்னுடைய பழைய பாட்டு ஒன்றை முனகத் தொடங்கினார். வந்த சொல்லை யோசெப்பின் இஞ்சிப் பியரோடு சேர்த்து விழுங்கினாள்.

தமிழ்ப் படக்குறிப்புகளை அவள் நிதானமாக எழுதினாள். ஒரு வசைச் சொல் இல்லை. ஒவ்வொரு படத்திலும் இருக்கிற ஒவ்வொரு ஆளையும் தேடிப் பிடித்துப் பெயர் போட்டாள். ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இராமர், மேடைக்குக் கீழே தலையில் கை வைத்திருப்பவர் மணப்பெண்ணின் தகப்பன், ட்ரம்ஸ் செபஸ்தியன். அடுத்த படம், ட்ரம்ஸ் செபஸ்தியன். அதற்கடுத்தது, ட்ரம்ஸ் செபஸ்தியன். இரண்டு பக்கம் விரிகிற அந்தப் படத்துக்கு வந்ததும் நடந்ததை நடந்தபடி எழுதினாள். பெயருக்குப் பின்னால் எல்லா இடத்திலும் மரியாதையாக ‘அவர்’ போட்டாள். ஹியூபேட்டுக்கும் போட்டாள்.

மாளிகாவத்தையில் பைறோஸாவின் அச்சகம். வாப்பா காலத்து அச்சகத்தை இப்போது அவள் நடத்துகிறாள். தன் அச்சகத்தில் ஓடுகிற ஒவ்வொரு தாளையும் வாசித்துப் பார்த்தபிறகே அச்சுப் பிளேட் எடுக்க விடுகிறவள். இரண்டு நாள் கழித்து அவளே போன் எடுத்தாள், கொஞ்சம் வாங்க என்று. யோசெப்பின் போனபோது விரித்த தாள் மேசையில் இருந்தது.

“இது ஒங்கட நானாவா?”

“ஓம், அண்ணன்.”

“இந்த ஹியூபேட் தமிழ் வாசிக்க மாட்டாரா?”

“மாட்டார்.”

பைறோஸா தாளை இன்னொருமுறை வாசித்தாள். “நீங்க எழுதினது பொய் எண்டு அவர் கோர்ட்டுக்குப் போனா?”

“போகட்டும். அங்க வந்தாவது அவர் அதைப் பற்றி வாய் திறக்கவேணும்தானே.”

“ஒங்களுக்கு இனி ஒருத்தரும் வேல தர மாட்டாங்க. அதயும் யோசிச்சீங்களா?”

“யோசிச்சனான்.”

பைறோஸா தாளை மடித்தாள். பிறகு உள்ளே திரும்பி, “பிளேட் எடுங்க” என்று சத்தம் போட்டாள். திரும்பி வந்து, “கறுப்பு இன்னும் கொஞ்சம் ஏத்தட்டா? முகம் நல்லா நிக்கும்” என்று கேட்டாள்.

வெளியீட்டு விழா வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம். புத்தகக் கட்டுகள் அச்சகத்திலிருந்து நேரே மண்டபத்துக்குத்தான் வந்தன. மை வாசம் போகவில்லை. பழைய ரசிகர்கள், கோயில் ஆட்கள், பம்பலப்பிட்டிச் சட்டத்தரணிகள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் என்று கதிரை போதாமல் சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். ஹியூபேட் வெள்ளைக் கோட் போட்டிருந்தார். யோசெப்பினைக் கண்டதும் எல்லோருக்கும் கேட்க, “இவதான் என்னை அழகாக்கின ஆள்” என்றார். அவள் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

பேச்சுகள் முடிந்து புளோறன்ஸை மேடைக்கு அழைத்தார்கள். புத்தகம் தனக்கே சமர்ப்பணம் என்ற பக்கத்தை அப்போதுதான் பார்த்தாள். கண் கலங்கி, ஹியூபேட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, பூசையில் வாசிக்கிற அதே நிதானத்தோடு தொடங்கினாள்.

“கொட்டாஞ்சேனை, திருவிழா மேடை. பாடுபவர் ஹியூபேட் அவர்கள். பேஸ் கிட்டார் றேமண்ட் அவர்கள். ட்ரம்ஸ் செபஸ்தியன் அவர்கள். ஒலிபெருக்கியைப் பிடித்திருப்பவர் இராமர் அவர்கள்.”

இராமர் என்றதும் எங்கிருந்தோ ஒரு விசில். சனம் சிரித்தது. புளோறன்ஸும் சிரித்தாள். “செபஸ்தியன்” என்று அவள் மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்ததை யோசெப்பின் கண்டாள். ஹியூபேட்டும் கேட்டார். அவருடைய புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது. ஆனால் அவருக்கு அவசரம். சனம் பார்க்கவேண்டிய படம் இன்னும் வரவில்லை.

“டபிள் பேஜ், ஃப்ளோ. டபிள் பேஜை வாசி.”

திரையிலும் அந்தப் படம் பெரிதாக விழுந்தது. மண்டபம் ஆவென்றது. ஹியூபேட் சனத்தைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். புளோறன்ஸ் பக்கத்தைத் தட்டி விரித்தாள்.

“வெள்ளவத்தை, ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றாறு. கலியாண வீடு. முன்னால் ட்ரம்ஸ் வாசிப்பவர் செபஸ்தியன் அவர்கள். வயது இருபத்துமூன்று. இது அவருடைய கடைசிப் படம்.”

குரல் தடுமாறியது. அவள் நிற்கவில்லை. நிற்கத் தெரியாது அவளுக்கு. கையில் கொடுத்த வாசகத்தை முடிவு வரை வாசித்தே பழகியவள்.

“அன்றிரவு வீடு திரும்பும் வழியில் அவர் கைது செய்யப்பட்டார். இவர் எங்கட ஆள் என்று ஹியூபேட் அவர்கள் ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். தாயும் தங்கையும் ஹியூபேட் அவர்களின் வீட்டுக்குப் போனார்கள்.”

ஹியூபேட்டுக்குக் காது நல்ல காது. வாசிக்கத் தெரியாதே தவிர, தமிழ் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். வணங்கிய தலை நிமிர்ந்தது. சிரிப்பு வாயில் அப்படியே இருக்க, கண் மட்டும் ஓடி ஓடி மண்டபத்தைப் பார்த்தது. அவர் மைக்குக்குக் கை நீட்டினார். புளோறன்ஸ் உடம்பைத் திருப்பி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“‘அவன் எங்கட ஆள் இல்லை’ என்று ஹியூபேட் அவர்கள் சொன்னார். செபஸ்தியன் அவர்கள் இன்றுவரை வீடு திரும்பவில்லை. தாய் காலமாகிவிட்டார். படத்தில் வெளிச்சத்தில் நின்று பாடுபவர் ஹியூபேட் அவர்கள். இந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர் செபஸ்தியன் அவர்களின் தங்கை.”

வெளியே பெரிய வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. புளோறன்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். மைக் கையில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டாளா, அல்லது நினைவோடுதான் பிடித்திருந்தாளா, தெரியாது.

“அவன் ஜேர்மனிக்குப் போயிட்டான் எண்டுதானே எனக்குச் சொன்னீங்க?”

“ஃப்ளோ, இப்ப இதெல்லாம்... வீட்ட போய்க் கதைப்பம்.”

“எங்கட மேசையிலை இருந்து சாப்பிட்ட பிள்ளை. போய் ஒரு கார்ட் கூடப் போடேல்லை, நன்றி கெட்டவன் எண்டு இவ்வளவு காலமா அவனை நான் ஏசிக்கொண்டு இருந்திருக்கிறன்.”

“ஃப்ளோ, ப்ளீஸ். அந்த நேரம் எல்லாரையும்தான் பிடிச்சவங்க. நான் வாய் திறந்திருந்தா என்னையும்...”

“வாசியுங்க” என்றாள் புளோறன்ஸ். புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு உனக்குத் தெரியும்தானே.”

“அப்ப எனக்குப் பின்னால சொல்லுங்க.”

ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கிற குரல் அது. உரப்பும் இல்லை, இளக்கமும் இல்லை. சொல்லாமல் ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போக முடியாது. மைக்கை அவருடைய வாய்க்கு நேரே பிடித்தாள்.

“செபஸ்தியன்.”

ஹியூபேட் முன்வரிசையைப் பார்த்தார். முன்வரிசை கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தது. அவர் பின்வரிசையைத் தேடினார். அங்கே யோசெப்பின் நின்றாள். இருபத்தொரு வருசத்துக்குப் பிறகு அவளுடைய முகத்தை அவர் முதல்முறையாகப் பார்த்தார்.

“செபஸ்தியன்” என்றார்.

“எங்கட ஆள்.”

ஹியூபேட் மைக்கைப் பார்த்துச் சொன்னார்.

“எங்கட ஆள்.”

பாடிப் பழகிய குரல். முணுமுணுத்தாலும் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை வரும். ஸ்பீக்கர் வழியாக வந்து யோசெப்பினின் நெஞ்சில் இடித்தது. இந்தச் சொல்லைக் கேட்கத்தானே இவ்வளவும் செய்தாள். கேட்டால் ஆறும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆறவில்லை. முன்னைவிட மோசமாக எரிந்தது. இரண்டு சொல். ஒரு மூச்சுக்கூட முழுதாகத் தேவைப்படவில்லை அவருக்கு. இவ்வளவு லேசாக வரக்கூடிய ஒன்றையா அன்றைக்குக் கதவுச் சங்கிலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இல்லை என்றார்? அவர் மறுத்திருந்தாலாவது, நாக்கு எழாமல் திணறியிருந்தாலாவது, அந்தச் சொல்லுக்கு ஒரு பாரம் இருந்தது என்று மனதைத் தேற்றியிருப்பாள்.

அவள் கதிரைகளுக்கு நடுவே முன்னால் நடந்தாள். ஆட்கள் கால்களை ஒடுக்கி வழி விட்டார்கள். மேடைக்குக் கீழே போய் நின்று, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ, அங்கிள்.”